ரதிக்கு அழுகை வரவில்லை

யோகேஸ்வரனுக்கு யாரையும் சிரிக்கவைக்கத் தெரியும், அழத்தான் தெரியாது. இதனால் அவனுக்கு இத்தனை வயது வரை ஒரு நட்டமும் வந்ததில்லை. இந்த மாசியில் செல்லசாமி வாத்தியார் அவனைக் காமன் கூத்தில் ரதியாகப் போட்ட பிறகுதான் வினை வந்தது.

தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் மன்மதன் பாடு லேசு. அம்பு விடுவான், சிவன் கண்ணைத் திறந்ததும் எரிந்து போவான், வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பான். அதன்பிறகு கூத்தைத் தூக்கி நிறுத்தவேண்டியவள் ரதி. புருஷன் சாம்பலான இடத்தில் தலைவிரிகோலமாய்க் குந்தி அவள் வைக்கும் ஒப்பாரியில் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தவேண்டும். சிந்தாவிட்டால் அந்த வருஷத்துக் கூத்தைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். யோகேஸ்வரன் ஒத்திகையில் ஒப்பாரியைத் தொடங்கினால் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"புருசன் எரிஞ்சு போயிட்டான்டா உனக்கு," என்றார் வாத்தியார். "நீ என்னடான்னா ஹட்டன் பஸ்ஸ விட்டவன் மாதிரி மூஞ்ச வச்சிருக்க."

"ஆளுங்க பஸ்ஸ விட்டா எனக்குச் சந்தோசம்தான வாத்தியாரே. ஆட்டோக்காரன் நான்."

அதற்கும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஆனாலும் வேஷத்தை விட்டுக்கொடுக்க யோகேஸ்வரனுக்கு மனமில்லை. வருஷக்கணக்காகப் பின்பாட்டுக் கூட்டத்தில் கடைசி ஆளாக நின்று வாயசைத்தவன். ரதிக்காக மீசையைக்கூட முன்கூட்டியே எடுத்தாயிற்று. மீசையில்லாத முகத்தைப் பார்த்து அவனுடைய மூத்த மகள் பக்கத்து வீட்டு மீனம்மாவிடம் ஓடி ஒளிந்துகொண்டாள். பெண்டாட்டி பூரணி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீச இருந்தப்ப கொஞ்சம் மறைஞ்சிருந்துச்சு," என்றாள். எது என்று சொல்லவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

சிக்கல் பூரணியின் வயிற்றில் இருந்தது. மூத்தவளை ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இரண்டாவதையும் அப்படியே எடுப்பதென்று கிளினிக்கில் நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் கூத்தின் நட்டநடுவில் வந்து விழுந்தது. ரதிக்குக் காப்புக் கட்டியபின் அவன் வீட்டில் பிள்ளை பிறந்தால் தீட்டு; காப்பை அவிழ்த்து வேறு ஆளுக்குக் கட்டவேண்டும். பிள்ளை முன்னதாகவே பிறந்து, தீட்டும் கழித்துவிட்டால் தடையில்லை.

"இந்தக் கெழமைக்குள்ள பொறந்துட்டா நீ ரதி. இல்லாட்டி தனுஷன் ரதி," என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தனுஷனுக்கு நன்றாக அழ வரும். அவனுக்குப் போன தீபாவளியில்தான் காதல் முறிந்திருந்தது.

கத்திக்குப் பூரணியும் பயந்தாள். மூத்தவளுக்குப் பிறகு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற அவளுக்கு நெடுநாள் பிடித்தது. அடிவயிறு இழுக்கும்போதெல்லாம் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். இன்னொரு தடவை வெட்டாமல் இருந்தால் தேவலை என்று அவள் ஒருநாள் சொன்னதை யோகேஸ்வரன் பத்திரமாக மனதில் வைத்திருந்தான். அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. ரதி ஆவதற்காகச் செய்யப்போகிற காரியத்தைப் பெண்டாட்டிக்காகச் செய்வதாக நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

வழி சொன்னவன் திலக்ஷன். கொட்டகலை ஸ்டாண்டில் அவனுக்கு அடுத்து ஆட்டோ போடுகிறவன். திலக்ஷனிடம் கிடைக்காத சாமான் உலகத்தில் கிடையாது. பாதி தேய்ந்த டயர், யாரோ கழற்றிய ரேடியோ, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று அவன் சத்தியம் செய்யும் பிரேக் கேபிள். போன மாதம் அந்தக் கேபிளை மாட்டிய மூன்றாம் நாள் அது அறுந்து, யோகேஸ்வரனின் ஆட்டோ தேயிலைச் செடிமேல் ஏறி நின்றது. பின்சீட்டில் பூரணி இருந்தாள். செடி நல்ல செடி, தாங்கிக்கொண்டது.

அந்தத் திலக்ஷனின் மச்சினிக்குப் பிரசவ நாள் தள்ளிப்போனபோது ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்துத்தான் வலி வரவைத்தார்களாம். சாயந்திரமே பிள்ளை பிறந்துவிட்டதாம். அதே மாத்திரையைத் தெரிந்த ஒருவன் மூலமாக எடுக்கலாம் என்றான். "வலி வந்துட்டா புள்ள தானா வந்துரும் மச்சான். வெட்ட வேண்டிய வேலையே இல்ல." சொன்னபடியே கொண்டுவந்தும் கொடுத்தான். கடதாசியில் சுற்றிய ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதற்குப் பேரும் இல்லை, பெட்டியும் இல்லை.

மறுநாள் காலையில் யோகேஸ்வரன் அதைப் பூரணியின் கையில் வைத்து, விஷயத்தை விளக்கி, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு விழுங்கச் சொன்னான். வெட்டே வேண்டாம் என்றதும் அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது.

"யாரு குடுத்தா?"

"திலக்ஷன்."

பூரணி கடதாசியோடு அதைத் தன் கைக்குட்டை லேஞ்சியின் நுனியில் முடிந்துகொண்டாள். யோகேஸ்வரன் ஆட்டோவை உதைத்துக் கிளப்பினான். காரியம் முடிந்துவிட்ட சந்தோஷத்தில் ஒப்பாரியையே டப்பாங்குத்து மெட்டில் பாடிக்கொண்டு பஜாருக்கு இறங்கினான்.

பஜாரில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. ரதிக்கு ரவிக்கை வேண்டும். நிப்ராஸின் துணிக்கடையில் அவருடைய மனைவி றுமைஸாதான் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மூன்று பிள்ளைகளின் தாய். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்ச் செய்தி முழுவதையும் விசாரிக்கக்கூடியவர். யோகேஸ்வரன் டீ-ஷர்ட்டுக்கு மேலேயே ரோஸ் நிற ரவிக்கையை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் சவர்க்காரம் பூசி கைக்கு ஒரு டசன் கண்ணாடி வளையலையும் ஏற்றிக்கொண்டு, கண்ணாடி முன்னால் இடுப்பை வெட்டினான். துணி வாங்க வந்திருந்த பெண்கள் சாமானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். றுமைஸா முதுகுப் பக்கம் ஊசி குத்திக்கொண்டே பூரணிக்கு எப்போது என்று கேட்டார்.

அவனுக்குப் பெருமை பொங்கியது. ஆபரேஷனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கைவசம் மாத்திரை இருக்கிறது, மத்தியானம் விழுங்கினால் ராத்திரிக்குள் பிள்ளை, காப்புக்கு முன்னால் தீட்டும் கழிந்துவிடும் என்று கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னான்.

முதுகில் ஊசி நின்றுவிட்டது.

"அவக்கு மூத்த புள்ள ஆபரேஷன்தானே தம்பி?"

"ஆமாக்கா. அதுக்குத்தான் இந்தத் தடவ மாத்திர."

றுமைஸா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார். தனக்கும் மூத்தது ஆபரேஷன்தான்; இரண்டாவதுக்கு நாள் நெருங்கியபோது தானும் இதையே டொக்டரிடம் கேட்டதாகச் சொன்னார். டொக்டர் தாள் எடுத்துப் படம் போட்டே காட்டினாராம். அந்த மாதிரி மருந்து கர்ப்பப்பையைப் போட்டுப் பிழியும். வெட்டுப்படாத வயிறு என்றால் தாங்கும். ஒருமுறை வெட்டித் தைத்த வயிற்றில் பழைய தழும்புதான் பலவீனமான இடம். ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்குத் தானாக வலி வந்து நல்லபடியாகப் பிறப்பதும் உண்டு. அதையும் ஆஸ்பத்திரியில், பக்கத்திலேயே ஆள் இருந்து பார்த்துத்தான் செய்வார்கள். இந்த மாதிரி மாத்திரையைத் தழும்பு உள்ளவளுக்கு, அதுவும் வீட்டில் வைத்துக் கொடுப்பதை யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள்.

"திலக்ஷன்ட மச்சினிக்குக் குடுத்தாங்கதானேக்கா," என்றான் யோகேஸ்வரன்.

"அவட வயித்துல தையல் ஈக்கா? பூரணிட வயித்துல ஈக்கு. அது உள்ளுக்குப் பிரிஞ்சா வெளிய ஒன்டும் தெரியாது தம்பி. தெரியிற நேரம் புள்ளையும் இல்ல, தாயும் இல்ல."

அவன் வழக்கம்போல் சிரிக்கவைக்க ஒரு பகிடி தேடினான். எந்த நேரத்திலும் நாக்கு நுனியில் வந்து நிற்பவை அவை. ஒன்றுகூட வரவில்லை. கடைச் சுவரில் மணிக்கூடு மத்தியானம் தாண்டிவிட்டதைக் காட்டியது.

போன் எடுத்துப் பார்த்தான். லயத்தில் எந்தக் காலத்தில் சிக்னல் இருந்தது? தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறி நின்று கையை உயர்த்தினால் ஒரு கோடு வரும். பூரணி எங்கே ஏறப்போகிறாள்? நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, மாத்திரை கொடுத்ததை மறைக்காமல் சொல்லு என்று றுமைஸா பின்னால் கத்தியது காதில் விழுந்தது. ஆட்டோ அதற்குள் பஜார் வளைவில் திரும்பிவிட்டது.

அன்றைக்குப் பார்த்து மிஸ்ட் இறங்கி, மலையைப் பனிமூட்டம் மூடியிருந்தது. தோட்டத்து ரோட்டில் ஒரு கொழுந்து லொறி முன்னால் ஊர்ந்தது. யோகேஸ்வரன் ஹோர்னை அமுக்கினான். லொறிக்காரன் கண்ணாடியில் பார்த்தான். ரோஸ் ரவிக்கையும் கை நிறைய வளையலுமாக மீசையில்லாத ஒரு பெண்மணி ஆட்டோ ஓட்டி வருவதைக் கண்டு, அவசரமே இல்லாமல் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தான். யோகேஸ்வரன் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஏற்றி முந்தினான். போகிற வழியெல்லாம் முருகனுக்கு ஒரு பேச்சு, ஆட்டோவுக்கு ஒரு பேச்சு. முருகனிடம், ரதி வேஷத்தைத் தனுஷனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றான். பிறகு, முருகன் இதையெல்லாம் ஒரு பேரமாக எடுத்துக்கொள்வாரா என்று சந்தேகம் வந்தது. அதனால் நிபந்தனையில்லாமல் கொடுத்துவிட்டான்.

லயத்து வாசற்படியில் பூரணி குந்தியிருந்தாள். ஒரு கை இடுப்பில்; மற்றக் கையில் லேஞ்சியை இறுக்கிப் பிடித்திருந்தாள். மீனம்மா அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு தின்ன கையோட வலி புடிச்சிருச்சுப்பா," என்றாள் மீனம்மா. "உன்னக் கூட்டியார ஆள் அனுப்பலாம்னு பாத்தா..." அவள் பார்வை ரவிக்கையில் விழுந்து, வளையலுக்கு இறங்கி, பேச்சு அங்கேயே நின்றது.

யோகேஸ்வரன் படியில் அவள் முன்னால் குந்தினான். சோற்றுக்குப் பிறகு விழுங்கு என்று சொன்னதும் அவன்தான். சோற்றுக்குப் பிறகு வலி வந்திருக்கிறது.

"என்னங்க, இங்க பாருங்க," என்று பூரணி தொடங்கினாள்.

"பேசாத. ஒன்னும் பேசாத. மூச்ச மட்டும் விடு."

மகளை அடுத்த வீட்டில் விட்டு, பூரணியையும் மீனம்மாவையும் பின்சீட்டில் ஏற்றி, குலுங்காமலும் வேகமாகவும் ஓட்டவேண்டிய நிலை. தோட்டத்து ரோட்டில் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பள்ளம் வரும்போதெல்லாம் அவனுக்கு அவள் வயிற்றில் நூல் தெறிப்பது கேட்டது. அடிவயிறு கிழிகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள், இருக்காது, இருக்காது, நல்லதை நினை என்று அவனே பதிலும் சொன்னான். அவள் "அந்த மாத்திர..." என்றாள். "அந்தப் பேச்செடுக்காத, நான் பாத்துக்கிறேன்," என்றான். அவள் மறுபடி "ஏங்க..." என்றாள். கண்ணை மூடிக்கொள், பலத்தைச் செலவழிக்காதே என்றான். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வலி வந்தது. அது அடங்கியதும் அவள் மீனம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கலியாணமான நாளிலிருந்து அவன் பேச்சுக்கு நடுவில் இடம் தேடிக் களைத்தவள் அவள்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்து, யாருக்குப் பிரசவம் என்று சிங்களத்தில் கேட்டார். வேறு நாளாக இருந்தால் யோகேஸ்வரன் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆறுமாதம் ஸ்டாண்டில் கதை ஓட்டியிருப்பான். இப்போது பதில் சொல்லாமல் பூரணியைத் தள்ளுவண்டியில் ஏற்றினான்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழை நிறுத்தி நிறுத்தித் திருத்தமாகப் பேசினார். யோகேஸ்வரன் அவர் முன்னால் கைகூப்பினான். இரண்டு டசன் வளையலும் ஒன்றாகக் குலுங்கின. மறைக்காமல் சொல்லிவிட்டான்: மூத்தது ஆபரேஷன், வலி வர மாத்திரை கொடுத்தது தான்தான், அவள்மேல் ஒரு பிழையும் இல்லை.

டொக்டரின் முகம் மாறியது. உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். நர்ஸ் மிஸ்ஸிமார் இரண்டு பேர் ஓடினார்கள். "என்ன மாத்திரை? பேர் என்ன?"

தெரியாது.

"எத்தனை மணிக்குக் குடுத்தது?"

அதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை, வேறொன்று வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் ஒருமுறை முட்டி, வராந்தா முழுவதும் நீளும் ஒரு கேவல். "நானே கொன்னுட்டேனே, என் ராசாத்திய நானே கொன்னுட்டேனே," என்று தரையில் குந்திவிட்டான். பிரசவ வாட்டில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எவளோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

தள்ளுவண்டியிலிருந்து பூரணி கையை உயர்த்தினாள்.

"டொக்டர், நான் அத திங்கல."

லேஞ்சியின் முடிச்சை அவளே அவிழ்த்தாள். வியர்வையில் நனைந்த கடதாசி. அதற்குள் அந்த வெள்ளை மாத்திரை, முழுசாக.

"அப்ப வலி?" என்றான் யோகேஸ்வரன் தரையிலிருந்தபடி.

"அது தானா வந்துச்சு. லயத்துல இருந்து சொல்லிக்கிட்டு வர்றேன், நீங்க வாய மூடுனாத்தான."

டொக்டர் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, பூரணியின் தோளில் ஒருதரம் கைவைத்தார். மருந்தில்லாமல் தானாக வந்த வலி என்றாலும் பழைய தையல் உள்ளவள் வீட்டில் இருந்து பார்க்கக்கூடாது, உடனே வந்தது மிகவும் நல்லது என்றார். அவனைப் பார்த்து ஏதோ கடுமையாகச் சொல்லத்தான் வாயெடுத்தார். ரோஸ் ரவிக்கையில் இன்னும் ஊசிகள் குத்தியிருந்ததைக் கண்டாரோ என்னவோ, "பிறகு பேசுவோம்," என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

பிறகு வராந்தாவில் காத்திருப்பு. செய்தி கேட்டுச் செல்லசாமி வாத்தியார் பஸ் பிடித்து வந்துவிட்டார். மீனம்மா நடந்ததைச் சொன்னாள். யோகேஸ்வரன் சுவரில் சாய்ந்து இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

"அதான் அந்தப் புள்ள திங்கலையே. இப்ப எதுக்குடா அழுவுற?"

"தெரியல வாத்தியாரே. நிக்க மாட்டேங்குது."

வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. "இதுதான்டா," என்றார் மெதுவாக. "அந்த எடுப்பு, அந்த இழுப்பு. இதத்தான் நான் கேட்டேன். மறந்துறாத."

கதவு திறந்து ஒரு மிஸ்ஸி தலையை நீட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த ரவிக்கை முதுகைப் பார்த்து, பூரணியின் அக்காவா என்று கேட்டு, ஆம்பிளைப் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்றார். யோகேஸ்வரன் அக்கா இல்லை என்று மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவனை யார் என்று சொன்னாலும் சம்மதித்திருப்பான்.

வெட்டித்தான் எடுத்திருந்தார்கள். அவளைப் பார்க்க விட்டபோது பூரணி வெளிறிப்போய், ஆனால் தெளிவாகப் படுத்திருந்தாள். பிள்ளை அவள் கக்கத்தில் ஒரு பொட்டலம்போல் கிடந்தான். யோகேஸ்வரன் கட்டிலோரம் நின்றான். சொல்ல ஆயிரம் இருந்தும் முதன்முறையாக அவன் பேசாமல் காத்திருந்தான்.

அவளே பேசினாள். "பழைய தையல் ரோட்டுலயே போய் எடுத்துட்டாங்களாம். புதுசா ஒன்னும் வெட்டலியாம்."

"நோவுதா?"

"நோவாம?" கொஞ்சம் இருந்து சொன்னாள்: "நாக்கு நுனி வரைக்கும் கொண்டு போனேங்க. வெட்ட வேணாம்னு எனக்கும் ஆசதான."

"அப்புறம் ஏன் திங்கல?"

"பிரேக் கேபிள் ஞாபகம் வந்துச்சு."

அவன் வளையல் கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சத்தத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து, மீசையில்லாத தகப்பனைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

அடுத்த நாள் ஸ்டாண்டில் அவன் திலக்ஷனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். பகிடி கலக்காமல் யோகேஸ்வரன் பேசியதைத் திலக்ஷன் அன்றுதான் முதலில் கேட்டான். முழுதும் கேட்டுவிட்டு ஆட்டோவின் படியில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப்பிறகு அவனிடம் டயரும் கேபிளும் கிடைக்கின்றன, மருந்து கிடைப்பதில்லை. கேபிளை இப்போதும் யாரும் வாங்குவதில்லை.

முருகனுக்குக் கொடுத்த வேஷத்தை முருகன் வாங்கிக்கொள்ளவில்லை போலும். பிள்ளை அந்த வாரத்துக்குள் பிறந்துவிட்டதால் தீட்டுக் கழித்து, யோகேஸ்வரனுக்கே காப்புக் கட்டினார்கள். ஒத்திகையில் வாத்தியார் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவன் கண்ணை மூடி நினைத்தான். வராந்தா வந்தது, டொக்டர் வந்தார். பின்னாலேயே தள்ளுவண்டியிலிருந்து அந்தக் கையும் வந்து லேஞ்சியை அவிழ்த்தது. அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எத்தனை முறை முயன்றாலும் கதை அந்த முடிச்சு அவிழ்வதில்தான் போய் நின்றது. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்தார்: ரதியாக இவன் குந்தட்டும், ஒப்பாரியைப் பின்பாட்டிலிருந்து தனுஷன் வைக்கட்டும்.

அப்படியே நடந்தது. மன்மதன் எரிந்தான். தனுஷன் தன் காதலியை நினைத்து உருகினான். காமன் பொட்டலின் நடுவில் ரதி மண்ணில் குந்தி, விரித்த கூந்தல் முகத்தை மூட, தோள் குலுங்கக் குலுங்கக் குனிந்திருந்தாள். இப்படி ஒரு ரதியை இந்தத் தோட்டம் கண்டதில்லை என்று மீனம்மா மூக்கைச் சிந்தினாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் சிந்தினார்கள்.

முன்வரிசையில் நாற்காலி போட்டு, பிள்ளையை மடியில் கிடத்தி, பூரணி உட்கார்ந்திருந்தாள். அந்தத் தோள் அழும்போது எப்படிக் குலுங்கும், சிரிக்கும்போது எப்படிக் குலுங்கும் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றுத் தையல் இழுத்துவிடாமல் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, லேஞ்சியை வாயில் அடைத்துக்கொண்டாள்.